மலையேறும்போது தூக்கிக்கொள்ளும் ஹெட்: பழைய டர்போ லோரியில் கேஸ்கெட் ஏன் நிற்பதில்லை?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் வட்டாரத்தில் ஓடும் பழைய லோரிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போகிறவை ஒரு வகை. அறுத்த குலையில் கொழுப்பு அமிலம் ஏறிவிடாமலிருக்க அன்றன்றே ஆலையில் சேர்க்க வேண்டும் என்பதால் ஓட்டுநர்கள் விரட்டித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால், பாதை பெரும்பாலும் சமதளம். கோழி எருவும் உரமும் ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுகிறவை மற்றொரு வகை. இரண்டிலும் ஒரே வகை எஞ்சின், ஒரே வயது. ஆனால், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று எங்கள் பட்டறைக்கு வரும் லோரிகளில் பெரும்பாலானவை மலையேறுகிறவைதான்.

ஒரு மழைக்காலக் காலையில் அப்படி ஒரு லோரி வந்தது. ஓட்டுநரே உரிமையாளர். வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியவர், "அண்ணே, ஆறு மாதத்தில் இது மூன்றாவது கேஸ்கெட். இந்த முறை எவ்வளவு விலையானாலும் நல்லதாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்றார். முதல் இரண்டையும் மாற்றியது வேறு இடங்களில். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம், மூன்று வாரம் நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு கேமரன் மலைச் சாலையின் ரிங்லெட் ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் வெளியே வழியத் தொடங்கிவிடும்.

அவர் கேட்டது நல்ல கேஸ்கெட். அவருடைய வண்டிக்கு வேண்டியிருந்தது வேறு. ஹெட் கேஸ்கெட் தானாக எதையும் அடைத்துக்கொண்டிருப்பதில்லை. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அது அழுத்திப் பிடிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்தப் பிடிப்பைவிடச் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் பெரிதாகிவிட்டால், உலகத்திலேயே விலை உயர்ந்த கேஸ்கெட்டைப் போட்டாலும் காற்று நடுவில் புகுந்து வெளியேறும். பழைய எஞ்சினில் பூஸ்ட்டை, அதாவது டர்போ சிலிண்டருக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை, ஏற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

அன்று நாங்கள் ஹெட்டைக் கழற்றவில்லை. வண்டியை இரவு முழுவதும் குளிரவிட்டோம். மறுநாள் காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை நிரப்பி, மறுபடி மூடி, மேல் ரப்பர் குழாயைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பழுத்த வாழைப்பழம்போல மெத்தென்று இருந்தது. எஞ்சினை இயக்கச் சொல்லிவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழாய் பச்சை மூங்கிலைப்போல விறைத்துவிட்டது. தண்ணீர் இன்னும் சில்லென்றே இருந்தது. சூடேறாத தண்ணீரில் ஆவி அழுத்தம் வர வழியில்லை. ஆகவே, எங்கிருந்தோ வாயு உள்ளே புகுகிறது. எந்தக் கருவியும் இல்லாத வீட்டு வாசலிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

ஆனால், வாயு புகுந்தாலே ஹெட் கேஸ்கெட்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காற்று பிரேக் உள்ள லோரிகளில் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் காற்றுக் கம்ப்ரஸர் ஒன்று இருக்கிறது. பலவற்றில் அதற்கும் அதே ரேடியேட்டர் தண்ணீர்தான் போய்வருகிறது. அந்தக் கம்ப்ரஸரின் சின்ன கேஸ்கெட் கசிந்தாலும் ரேடியேட்டரில் குமிழி வரும், குழாய் விறைக்கும். எனவே முதலில் கம்ப்ரஸருக்குப் போகும் இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் தற்காலிகமாகத் துண்டித்து அடைத்துவிட்டு, எஞ்சினைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். குமிழி நின்றுவிட்டால் பெரிய வேலையே மிச்சம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவழித்து ஹெட்டைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வேதனையாக இருக்கும். இந்த லோரியில் குமிழி நிற்கவில்லை. ஹெட் பக்கம்தான் என்பது அதன் பிறகே உறுதியானது.

இனி அழுத்தக் கணக்கு. நம் ஊரில் பரவலாக ஓடிய இசுசு 6பிஜி1 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 105 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 125 மில்லிமீட்டர், ஆறு சிலிண்டர், மொத்தம் 6.5 லிட்டர். அந்த விட்டத்துக்கு வட்டப் பரப்பு சுமார் 86.6 சதுர சென்டிமீட்டர். ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம். சிலிண்டருக்குள் 100 பார் அழுத்தம் எழுந்தால் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 8.8 டன். 150 பார் என்றால் 13 டன்னுக்கு மேல். பாரம் ஏற்றிய ஒரு நடுத்தர லோரியின் எடையை ஒரே ஒரு சிலிண்டர் மேல்நோக்கித் தள்ளுகிறது என்று பொருள். எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 15 முறை இது நடக்கிறது. இரண்டு மணி நேர மலையேற்றத்தில் சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் முறை.

பூஸ்ட் இந்தக் கணக்கில் எப்படி நுழைகிறது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். பூஸ்ட் மானி காட்டுவது காற்றுமண்டல அழுத்தத்துக்கு மேலே உள்ள அளவை மட்டுமே. மானியில் சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு என்றால் அது ஏறக்குறைய 1 பார். உண்மையில் சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் முழு அழுத்தம் 2 பார். டர்போ இல்லாத டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து அமுக்கி முடிக்கும்போது, தீப்பற்றுவதற்கு முன்பே, அழுத்தம் சுமார் 40 பாரைத் தொடுகிறது. உள்ளே வரும் காற்று இரட்டிப்பானால் அதுவும் 80 பாரை நெருங்குகிறது. 32 பவுண்டு பூஸ்ட் என்றால் முழு அழுத்தம் 3.2 பார்; அமுக்கத்தின் முடிவில் 120 பாரைத் தாண்டிவிடும். தீப்பற்றுவதால் ஏறும் அழுத்தம் அதற்கு மேலே சேர்கிறது. அந்தக் காலத்து டர்போ டீசல்கள் பல, மொத்த உச்ச அழுத்தம் 120, 130 பார் அளவில் நிற்கும் என்று கருதி வடிவமைக்கப்பட்டவை. இன்றைய பெரிய எஞ்சின்கள் 200 பாரைத் தாண்டுகின்றன. அதற்கேற்ற பிளாக்கும் போல்ட்டும் அவற்றுக்கு உண்டு. பழைய எஞ்சினுக்குப் புது எஞ்சினின் பூஸ்ட்டைக் கொடுப்பவர் அந்தப் பிளாக்கையும் போல்ட்டையும் கொடுப்பதில்லை.

நம் லோரியில் நடந்ததும் அதுதான். மூன்றாவது கியரில் போக வேண்டிய ஏற்றத்தை நான்காவது கியரில் போக வேண்டும் என்ற ஆசையில் பெரிய டர்போ ஒன்றைப் பொருத்தி, எரிபொருள் பம்பில் டீசல் அளவைக் கூட்டும் திருகையும் திருகிவிட்டிருந்தார்கள். மானியில் 32 பவுண்டு வரை போனது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று மானியில் தெரியாமல் இருந்தது. பம்பின் டைமிங்கை, அதாவது டீசல் தெளிக்கும் நேரத்தை, சில பாகை முன்னே தள்ளி வைத்திருந்தார்கள்.

டைமிங்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கமாகிவிட்டது. டீசலை முன்கூட்டியே தெளித்தால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தீப்பற்றத் தொடங்குகிறது. எரிபொருள் முழுமையாக எரிவதால் புகை குறையும், டீசலும் சற்று மிச்சமாகும். 2024 ஜூன் 10 முதல் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென் ஆனபோது, சரக்கு லோரிகள் பலவற்றுக்கு மானிய விலை தொடர்ந்தது என்றாலும், எல்லோருக்கும் மிச்சம் பிடிக்கும் எண்ணம் கூடிவிட்டது. ஆனால், ஏறிவரும் பிஸ்டனுக்கு எதிராக எரிய வைத்த தீ உச்ச அழுத்தத்தை வெகுவாகக் கூட்டுகிறது. பூஸ்ட்டை ஒரு பவுண்டுகூட ஏற்றாமல், டைமிங்கை மட்டும் முன்னே தள்ளி ஹெட்டைத் தூக்கவைக்க முடியும். கேஸ்கெட் அடிக்கடி போகும் வண்டியில் பூஸ்ட் மானியைப் பார்ப்பதற்கு முன்பே நான் டைமிங்கைத்தான் சோதிக்கிறேன்.

ஓட்டும் முறையும் இதில் சேர்கிறது. உயர் கியரில், 1,200 சுற்றில், மிதியை முழுக்க அமுக்கிக்கொண்டு திணறித் திணறி ஏறுவது ஹெட்டுக்கு மிகக் கொடியது. சுற்று குறைவாக இருப்பதால் ஒவ்வொரு எரிப்பின் அழுத்தமும் ஹெட்டின் மேல் நீண்ட நேரம் நிற்கிறது. தண்ணீர் பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது. ஒரு கியர் இறக்கி 1,800 சுற்றில் வைத்தால், அதே வேலையை எஞ்சின் சின்னச் சின்ன அடிகளாகச் செய்து முடிக்கும். சத்தம் கூடுவதால் எஞ்சினுக்கு வலிக்கிறது என்று ஓட்டுநர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில்தான் அது மூச்சு விடுகிறது.

மலையின் பங்கும் சிறியதல்ல. பாரத்தோடு 16 டன் எடையுள்ள லோரியை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் சுமார் 220 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். உருளும் உராய்வையும் காற்றுத் தடையையும் விட்டுவிட்டால்கூட, வெறும் உயரத்துக்காகவே 17 லிட்டருக்கு மேல் டீசல் எரிய வேண்டும். மேலே தானா ராத்தாவில் காற்றுமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 விழுக்காடுதான். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் கவலையில்லை. மூடி பழசாகி அழுத்தம் பிடிக்காமல் போனால், கீழே பீடோரில் ஒழுங்காக ஓடிய வண்டி மேலே கொதிக்கும். சில பத்து ரிங்கிட் மூடி அது. அதைச் சோதிக்காமல் ஹெட்டைத் திறக்கக் கூடாது.

சரி, இந்தப் பக்கம் 13 டன் மேலே தள்ளுகிறது. அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருப்பது எது?

ஹெட் போல்ட்டை ஒரு ஆணியாக நினைக்காமல் விறைத்த ஸ்பிரிங்காக நினைக்க வேண்டும். முறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் விசைதான் ஹெட்டைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. 10.9 என்ற வலிமைத் தரத்தில் 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடியது சுமார் 7 டன். ஏறக்குறைய அதே அளவுள்ள கம்மின்ஸ் 6பிடி எஞ்சினில் 12 மில்லிமீட்டர் போல்ட் 26 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 6 டன் பிடித்தால் சிலிண்டர் ஒன்றுக்குச் சராசரியாக 26 டன் பிடிப்பு வருகிறது. 13 டன்னுக்கு எதிராக 26 டன் என்பது தாராளம்போலத் தோன்றும். ஆனால், அந்தப் பிடிப்பில் பெரும்பங்கு கேஸ்கெட்டை நசுக்கி அடைத்து வைப்பதற்கே வேண்டும், மீதமிருப்பதுதான் பாதுகாப்பு. போல்ட் இரண்டொன்று தளர்ந்தாலோ, மேற்பரப்பு வளைந்திருந்தாலோ அந்த மீதம் உடனே கரைந்துவிடும். அப்போது முழு மிதியில் ஏறும்போது மட்டும், மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு, ஹெட் மேலே எழும்பி உட்காரும். வாயு தண்ணீருக்குள் பாயும். சமதளத்துக்கு வந்ததும் எல்லாம் மூடிக்கொள்ளும். பட்டறையில் நிறுத்திவைத்து ரேடியேட்டரில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதித்தால் ஒரு துளிகூடக் கசியாது. அந்தச் சோதனை ஒரு பார் அளவில் நடக்கிறது. மலையில் நடப்பது நூறு பாருக்கு மேலே.

கழற்றிய கேஸ்கெட்டைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்று நான் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதைத் துடைக்காமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு இந்த லோரியிலிருந்து கழற்றியதில் ஒவ்வொரு சிலிண்டர் துளையைச் சுற்றியும் இருந்த எஃகு வளையம், அதாவது நெருப்பு வளையம், முழுசாக இருந்தது, எரியவில்லை, அறுபடவில்லை. ஆனால், மூன்றாவது நான்காவது சிலிண்டர்களுக்கு இடையே, தண்ணீர்த் துளையை நோக்கி, விரல் நுனி அகலத்தில் ஒரு கரிக்கோடு விசிறிபோல விரிந்திருந்தது. அந்த இடத்தில் வளையத்தின் மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளத்தது. ஹெட் எழும்பி எழும்பி உட்கார்ந்து தேய்த்த தடம் அது. வெப்பத்தில் கேஸ்கெட் செத்திருந்தால் விளிம்பு கருகி, பொடிந்து, ஓட்டை விழுந்திருக்கும். இந்த இரண்டு தடங்களையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பழைய காலத்து கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். அவற்றைக் காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

அடுத்து, முறுக்கு. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் எண் வந்துவிட்டால் பிடிப்பும் வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். ரெஞ்சில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியிலுள்ள உராய்விலும், நாற்பது விழுக்காடு மரையின் உராய்விலும் போய்விடுகிறது. போல்ட்டை நீட்டுவதற்குக் கிடைப்பது பத்து விழுக்காடு மட்டுமே. ஆகவே உராய்வு சற்று மாறினாலும் பிடிப்பு பெரிதாக மாறிவிடும். 12 மில்லிமீட்டர் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரையில் சுத்தமான எண்ணெய் இருந்தால் சுமார் 6.8 டன் பிடிப்பு கிடைக்கும். எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்தால் 5 டன். துருவும் பழைய பிசினும் ஏறியிருந்தால் மூன்றரை டன்னுக்குக்கூட இறங்கிவிடும். ரெஞ்ச் மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் "டிக்" என்று சொல்லும். முன்பு வேலை பார்த்த இரண்டு பட்டறைகளும் சரியான எண்ணுக்குத்தான் முறுக்கியிருக்கக்கூடும். போல்ட் துளைகளுக்குள் நாங்கள் மரை துப்புரவுக் கருவியை விட்டபோது வெளியே வந்தது சேறுபோன்ற துருவும் காய்ந்த பசையும். மூன்றாவது கேஸ்கெட்டும் போனதற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடந்தது.

துளையைச் சுத்தம் செய்யும்போது இன்னொன்று. அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கி நிற்கும்போது போல்ட்டை இறக்கி முறுக்கினால், திரவம் அமுங்காது, பிளாக்கே வெடித்துவிடும். காற்றடித்து, துணி விட்டு, காய்ந்ததை உறுதிசெய்த பிறகே போல்ட் இறங்க வேண்டும். தண்ணீர் அறைக்குள் திறக்கும் துளைகள் சில எஞ்சின்களில் உண்டு. அவற்றில் மரைக்குப் பசை தடவ வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மரை வழியே மேலேறும்.

மேற்பரப்பு இன்னொரு பெரிய விஷயம். நேர்விளிம்புக் கட்டையை ஹெட்டின் குறுக்காகவும் நெடுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் பீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அது செய்தித்தாள் ஒன்றின் தடிமனைவிட மெல்லியது. குறுக்காக அது எளிதாக நுழைந்தாலே நான் ஹெட்டை அரைக்க அனுப்பிவிடுவேன். நீளவாக்கில் எவ்வளவு அனுமதி என்பதை அந்தந்த எஞ்சினின் கையேடு சொல்லும். ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பிளாக்கை விட்டுவிடுவது நம் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. வளைவு பாதி பிளாக்கிலும் இருக்கலாம். சிலிண்டருக்குள் செருகிய உள் குழல்களான லைனர்கள் பிளாக் மட்டத்துக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதையும் டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஒரு லைனர் தாழ்ந்திருந்தால் பிடிப்பெல்லாம் அக்கம்பக்கத்து லைனர்களின் மேல் விழுந்து, தாழ்ந்த இடத்தில் கேஸ்கெட் சும்மா கிடக்கும். வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்பதையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிட வேண்டும். விரிசல் விட்ட ஹெட்டும் இதே குமிழியைத்தான் தரும்.

கைக்கிரைண்டரில் தேய்ப்புத் தட்டைப் போட்டு மேற்பரப்பைப் "பளிச்" ஆக்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். சில நொடிகளில் அது கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கிவிடும். அதிலிருந்து உதிரும் தூள் எண்ணெய்த் துளைகளில் இறங்கி பேரிங்கை அரித்துத் தின்றுவிடும். ஹெட்டை மேற்பரப்பு அரைக்கும் எந்திரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். எவ்வளவு வழவழப்பாக அரைப்பது என்பது கேஸ்கெட்டைப் பொறுத்தது. கிராஃபைட் பூச்சுள்ள கூட்டு கேஸ்கெட்டுக்குச் சற்றே சொரசொரப்பான முகம் பிடிமானம் தரும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்கு ஏறக்குறைய கண்ணாடி முகம் வேண்டும், 0.8 மைக்ரோமீட்டருக்கு மேல் சொரசொரப்பு இருந்தால் அது அடைக்காது. விலை கூடியது என்பதற்காகப் பழைய முகத்தின் மேல் அடுக்கு எஃகு கேஸ்கெட்டைப் போடுவது காசைக் கரியாக்குவதுதான். ஹெட்டை அரைத்ததால் உயரம் குறைந்ததே என்று கண்ணை மூடிக்கொண்டு தடிமனான கேஸ்கெட் வாங்குவதும் சரியல்ல. பிஸ்டன் மேலே எவ்வளவு நீட்டுகிறது என்பதை அளந்துதான் பல எஞ்சின்களுக்கு கேஸ்கெட்டின் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளிம்பில் உள்ள வெட்டுக்குறிகள் அதைத்தான் காட்டுகின்றன.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் பலப்படுத்துவதைப் பற்றிப் பேச வேண்டும்.

முதல் படி ஸ்டட், அதாவது தலைக்குப் பதில் நட்டு ஏறும் இருமுனை மரைக் கம்பி. போல்ட்டை முறுக்கும்போது அது நீள்வதோடு திருகவும் செய்கிறது. அதன் மரை பிளாக்கின் வார்ப்பிரும்பைத் தேய்த்துக்கொண்டே இறங்குகிறது. ஸ்டட் பிளாக்கில் அசையாமல் நிற்கும். மேலே நுண்மரை உள்ள நட்டை மட்டும் முறுக்குகிறோம். ஆகவே விசை நேராகவும் எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் விழுகிறது, உயர்தர எஃகு என்பதால் கூடுதலாகவும் இழுக்கலாம். ஸ்டட்டைப் பிளாக்கில் விரலால் திருகினால் போதும். ரெஞ்ச் போட்டு இறுக்கக் கூடாது. நட்டுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த பசையைத்தான் தடவ வேண்டும், அவர் சொன்ன எண்ணுக்குத்தான் முறுக்க வேண்டும். பழைய போல்ட்டின் எண்ணை ஸ்டட்டுக்குப் பயன்படுத்தினால் மேலே சொன்ன உராய்வுக் கணக்கு முழுவதும் தவறிப்போகும். 12 மில்லிமீட்டரிலிருந்து 14 மில்லிமீட்டருக்குப் போனால் எஃகின் குறுக்குப் பரப்பு 36 விழுக்காடு கூடுகிறது. ஆனால், அதற்குப் பிளாக்கைப் பெரிதாகத் துளையிட வேண்டும். துளை கோணினால் பிளாக் போச்சு. சம்பாதிக்கும் லோரிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது படி கம்பி வளையம். ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும், கேஸ்கெட்டின் நெருப்பு வளையத்துக்கு நேர் மேலே, மெல்லிய பள்ளம் வெட்டி, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை அதில் பதிக்கிறார்கள். கம்பி 0.2 மில்லிமீட்டர் அளவு வெளியே துருத்திக்கொண்டு நெருப்பு வளையத்தைக் கடித்துப் பிடிக்கும். மொத்தப் பிடிப்பு கூடுவதில்லை; இருக்கிற பிடிப்பு தேவையான இடத்தில் குவிகிறது. நல்ல லேத் பட்டறையில் அளவு பிசகாமல் செய்தால், அதிகப் பூஸ்ட்டுள்ள சாலை வண்டிக்கு இது போதுமானது. கேஸ்கெட்டின் வளையத்தையே எடுத்துவிட்டுத் தடித்த எஃகு வளையத்தைப் பள்ளத்தில் உட்காரவைக்கும் முறையும் உண்டு. அது இழுவைப் போட்டி எஞ்சின்களுக்கானது. அடிக்கடி மறு முறுக்கு கேட்கும். தினமும் சூடாகிக் குளிர்ந்து வேலை செய்யும் லோரியில் அதைப் போட வேண்டாம்.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மேலே சொன்ன லோரிகளில் ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு. மிட்சுபிஷி 4டி56 போன்ற எஞ்சின்களில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் இரும்பைவிட இரு மடங்கு விரிகிறது. ஒவ்வொரு முறை சூடாகும்போதும் ஹெட் கேஸ்கெட்டின் மேல் நகர்ந்து தேய்க்கும்; ஒரு முறை கொதித்தாலே வளைந்துவிடும். அங்கே ஸ்டட்டைவிட ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் விசிறியும்தான் முதலில் கவனிக்கப்பட வேண்டியவை.

நம் லோரிக்கு வருவோம். ஹெட்டை அரைத்து, விரிசல் சோதனை செய்து, பிளாக் முகத்தைச் சரிபார்த்து, ஸ்டட் போட்டோம். கம்பி வளையம் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக டைமிங்கைத் தயாரிப்பாளர் அளவுக்கே கொண்டுவந்து, பம்பின் திருகைப் பின்வாங்கி, பூஸ்ட்டை 22 பவுண்டில் நிறுத்தினேன். டர்போவுக்கு முன்னால் வெளிப்புகை வெப்பமானி ஒன்றையும் பொருத்தினோம். 700 பாகையைத் தாண்டினால் மிதியைத் தளர்த்த வேண்டும் என்று சிவப்பு நாடாவால் குறி ஒட்டினேன். உரிமையாளருக்கு முகம் வாடிவிட்டது.

"அண்ணே, ஏற்றத்தில் பின்தங்கிவிடுவேனே?"

"பத்து நிமிடம் பின்தங்குவாய், தம்பி. ரிங்லெட்டில் ஒரு பகல் முழுவதும் நிற்க மாட்டாய்."

ரேடியேட்டரை இறக்கிப் பார்த்தபோது அடிப்பக்கத்துக் குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு சேற்றால் அடைபட்டிருந்தது. ஒவ்வொரு முறை வழிந்தபோதும் ஓடையிலும் தோட்டத்து வாய்க்காலிலும் மொண்டு ஊற்றிய தண்ணீர் அது. உடலைத் திறந்து கம்பி விட்டுக் கழுவி, குளிரூட்டித் திரவத்தைச் சுத்தமான தண்ணீரில் சரிபாதி கலந்து நிரப்பினோம். வண்டியில் இப்போது பத்து லிட்டர் குடிநீர்க் கலம் ஒன்று எப்போதும் இருக்கிறது.

ஹெட்டை இறக்கி முறுக்குவதற்கு முன் கேஸ்கெட்டில் எதையும் தடவவில்லை. தயாரிப்பாளர் தடவச் சொல்லாத இடத்தில் பசையோ பெயின்டோ தெளிப்பது அதை வழுக்கத்தான் வைக்கும். நடுவிலிருந்து தொடங்கி, நத்தைக்கூட்டு வளையம்போல வெளியே விரியும் வரிசையில், மூன்று சுற்றாக நட்டுகளை முறுக்கினோம். ஒருவன் வரிசை எண்ணைச் சத்தமாகப் படிக்க, ஒருவன் முறுக்க, முடித்த நட்டில் நான் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். புதிதாகப் போட்டது பழைய பாணிக் கூட்டு கேஸ்கெட், சூட்டில் சற்று அமுங்கும் வகை. ஆகவே முதல் ஓட்டம் வெறும் வண்டியாகத் தாப்பா வரை. இரவு முழுக்கக் குளிரவிட்டு, மறுநாள் வால்வு மூடியைத் திறந்து, அதே வரிசையில், அதே எண்ணுக்கு, ஒவ்வொரு நட்டாக மறுபடி முறுக்கினோம். கடைசியில் எண்ணுக்குப் பதில் குறித்த கோணம் வரை திருப்பி முறுக்கும் போல்ட் உள்ள எஞ்சின்களில் இப்படிச் செய்யக் கூடாது. அங்கே போல்ட் ஏற்கெனவே தன் எல்லை வரை நீண்டுவிட்டிருக்கும்.

பெரும்பாலான நட்டுகளில் வெள்ளைக் கோடு அசையவில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருந்த இரண்டு நட்டுகள் மட்டும் கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்கு நகர்ந்து, பிறகு "டிக்" என்றன. வால்வு இடைவெளியைச் சரிசெய்து மூடியை மூடினோம். வியாழக்கிழமை முழுப் பாரத்தோடு மலைமேல் பிரிஞ்சாங் போய்வந்த அவர், குடிநீர்க் கலத்தில் கரிப்பேனாவால் குறித்த தண்ணீர் மட்டம் குறையவில்லை என்று காட்டத் தம் கைப்பேசியில் படம் எடுத்து வந்திருந்தார்.